பனிக்கட்டி, உப்பு, பால்: பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓர் அளவுப் பாடம்

பெங்களூரு நகரின் வடமேற்கில், துமகூரு சாலையை ஒட்டி அமைந்துள்ள பீன்யா, ஆசியாவின் பெரிய தொழிற்பேட்டைகளுள் ஒன்றாகக் கருதப்படுவதாகும். கடைசல் பட்டறைகள், முலாம் பூசும் கூடங்கள், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் முதலியன இங்கு நெருங்கி அமைந்துள்ளன. இங்கு உழைப்போர் பல மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி எனப் பல மொழிகளைப் பேசுவோர். எனினும் அவர்கள் அனைவருக்கும் பொதுவான மொழி ஒன்று உண்டு. அது அளவு. கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளி, மைக்ரோமீட்டர் காட்டும் அளவை உள்ளபடியே சொல்ல வேண்டியவர். காட்டும் அளவை விட்டு, இருக்க வேண்டிய அளவை அவர் சொல்லிவிடுவாராயின், உருப்படி பொருந்தாமற்போகும். பொருளும் உழைப்பும் வீணாகும்.

பள்ளிச் சோதனைக் கூடங்களிலோ இதற்கு மாறான வழக்கம் ஒன்று பல இடங்களில் காணப்படுகிறது. உஷ்ணமானி காட்டும் எண் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒவ்வாவிடில், மாணாக்கர் தம் எண்ணை அழித்துவிட்டுப் புத்தகத்தின் எண்ணை எழுதிவிடுகின்றனர். உபாத்தியாயரும் அதற்கே முழு மதிப்பெண் அளித்துவிடுகிறார். விஞ்ஞானக் கல்விக்கு இதைவிடக் கேடு வேறில்லை. கண்டதைக் கண்டபடி எழுதும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் வளர்ப்பதற்கு, அவர்கள் விரும்பிச் செய்யும் ஒரு வேலையே ஏற்றது. வீட்டு முறையில் ஐஸ்கிரீம் தயாரித்தல் அத்தகைய வேலைகளுள் ஒன்று. மின்சாரமோ விலை உயர்ந்த கருவியோ இதற்குத் தேவையில்லை. 40 மாணாக்கர் கொண்ட ஒரு வகுப்புக்கு ஏற்றவாறு இப்பாடம் கீழே தரப்படுகிறது.

தேவையான பொருள்கள்

மாணாக்கரை ஐவர் கொண்ட 8 குழுக்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். குழு ஒன்றுக்கு வேண்டியவை: காய்ச்சி ஆறவைத்த பால் 200 கிராம்; சர்க்கரை 30 கிராம்; உடைத்த பனிக்கட்டி 1 கிலோகிராம்; இறுக்கமான மூடியுள்ள சிறிய எவர்சில்வர் தூக்குப் பாத்திரம் ஒன்று; அதனைவிடப் பெரிய வாளி ஒன்று; கோணிப்பை ஒன்று; நீண்ட கரண்டி ஒன்று; சுழியத்துக்குக் கீழ் 20 டிகிரிக்கு மேல் குறியிட்ட ஆல்கஹால் உஷ்ணமானி ஒன்று. பாதரச உஷ்ணமானி உடைந்தால் தீங்கு நேரும். ஆதலால் அதனைத் தவிர்க்க வேண்டும். சுரம் பார்க்கும் உஷ்ணமானி இதற்குப் பயன்படாது. வகுப்பு முழுமைக்கும் பால் 1,600 கிராமும், சர்க்கரை 240 கிராமும், பனிக்கட்டி 8 கிலோகிராமும் வேண்டும் என்னும் கணக்கை மாணாக்கரே போடுமாறு விட்டுவிடுவது நலம். கல்லுப்பின் அளவு குழுவுக்குக் குழு மாறுபடும். அது பின்னர்ச் சொல்லப்படும்.

உஷ்ணமானியைச் சோதித்தல்

எந்த அளவுகோலையும் நம்பு முன் சோதிக்க வேண்டும் என்பது பட்டறையின் முதல் விதி. வகுப்பறையிலும் அதுவே முதல் வேலையாதல் வேண்டும். உருகிக்கொண்டிருக்கும் பனிக்கட்டியில் உஷ்ணமானியை வைத்தால் அது 0 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். பின்னர், உபாத்தியாயர் வேறோர் உஷ்ணமானியைக் கொதிக்கும் நீரில் பிடித்துக் காட்டலாம். அது 110 டிகிரி வரை குறியிட்டதாக இருத்தல் அவசியம்.

இங்குதான் முதல் வியப்பு நேரும். பீன்யாப் பள்ளியில் கொதிநீர் 100 டிகிரியைக் காட்டாது. ஏறக்குறைய 97 டிகிரியில் நின்றுவிடும். உஷ்ணமானி பழுதடைந்துள்ளது என்று சில பிள்ளைகள் சொல்லக்கூடும். பழுது ஏதுமில்லை. பெங்களூரு கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் மிகுந்தால் காற்றின் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த உஷ்ணநிலையிலேயே கொதிக்கும். இவ்வுயரங்களில் சுமார் 300 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் கொதிநிலை தாழ்வதாகக் கொள்ளலாம். 920-ஐ 300-ஆல் வகுத்தால் கிடைப்பது 3-க்குச் சற்று மேல். கண்ட எண் 97. புத்தக எண் 100. புத்தகம் கடல் மட்டத்திற்குச் சொன்னது. பிள்ளை தான் இருக்கும் இடத்திற்குச் சொன்னது. இரண்டும் சரியே.

செய்முறை

பாலில் சர்க்கரையைக் கரைத்துத் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றி மூட வேண்டும். வாளியைச் சுற்றிக் கோணிப்பையைக் கட்டி, உள்ளே ஒரு படிவு பனிக்கட்டியிட்டு, நடுவில் பாத்திரத்தை நிறுத்திச் சுற்றிலும் பனிக்கட்டியை நிரப்ப வேண்டும். குழுக்களை இரண்டிரண்டாக இணைத்து, முதல் இணைக்கு உப்பு இன்றியும், இரண்டாம் இணைக்குக் குழு ஒன்றுக்கு 100 கிராம், மூன்றாம் இணைக்கு 200 கிராம், நான்காம் இணைக்கு 300 கிராம் வீதமும் உப்பு அளிக்க வேண்டும். உப்பைப் பனிக்கட்டியோடு அடுக்கடுக்காகத் தூவிக் கலக்க வேண்டும். பாத்திரத்தின் மூடி மட்டத்திற்குக் கீழேயே பனிக்கட்டி நிற்றல் அவசியம். இல்லையேல் உப்புநீர் பாலில் கலந்துவிடும்.

பின்னர் ஒருவர் பாத்திரத்தின் பிடியைத் துணியால் பற்றி இடமும் வலமும் திருப்பிக்கொண்டிருக்க, மற்றொருவர் 5 நிமிஷத்துக்கு ஒரு முறை மூடியைத் துடைத்துத் திறந்து, பக்கங்களில் உறைந்ததைக் கரண்டியால் வழித்துக் கலக்க வேண்டும். மூன்றாமவர் உப்புநீரின் உஷ்ணநிலையை 2 நிமிஷத்துக்கு ஒரு முறை படிக்க, நான்காமவர் எழுத, ஐந்தாமவர் கடிகாரம் பார்க்க வேண்டும். வேலைகள் முறைமாற்றிக்கொள்ளப்பட வேண்டும்.

15 நிமிஷம் கழிந்ததும் எல்லாப் பாத்திரங்களையும் திறந்து ஒப்பிடலாம். உப்பிடாத குழுக்களின் பால் நன்கு குளிர்ந்திருக்கும்; ஆனால் உறைந்திராது. உப்பிட்ட பிற குழுக்களின் பால் பக்கங்களில் படிந்து கெட்டிப்படத் தொடங்கியிருக்கும். இந்த வேறுபாட்டை அனைவரும் குறித்துக்கொண்ட பிறகு, முதல் இணைக் குழுக்களுக்கும் 250 கிராம் வீதம் உப்பு அளித்துவிட வேண்டும். சோதனைக்காக எந்தப் பிள்ளையும் ஐஸ்கிரீம் இன்றித் திரும்பலாகாது.

உப்பு செய்யும் வேலை

உப்பு குளிர்ச்சியைத் தருகிறது என்று பிள்ளைகள் முதலில் எண்ணுவர். உண்மை அதுவன்று. பனிக்கட்டியும் நீரும் 0 டிகிரியில் சேர்ந்திருக்கையில், பனிக்கட்டியிலிருந்து பிரியும் நீர்த் துகள்களும், நீரிலிருந்து திரும்பப் பனிக்கட்டியில் ஒட்டும் துகள்களும் சமமாக உள்ளன. நீரில் உப்புக் கரைந்தவுடன், திரும்பி ஒட்டும் துகள்கள் குறைகின்றன, பிரிவனவோ குறைவதில்லை. எனவே பனிக்கட்டி உருகுகிறது. உருகுவதற்கு உஷ்ணம் வேண்டும். 1 கிராம் பனிக்கட்டி உருக சுமார் 80 கலோரி தேவை. அந்த உஷ்ணம் பனிக்கட்டியிலிருந்தும் உப்புநீரிலிருந்தும் எடுக்கப்படுவதால் கலவை 0 டிகிரிக்குக் கீழே இறங்குகிறது. அதனுள் நிற்கும் பாலிலிருந்தும் உஷ்ணம் வெளியேறுகிறது. பனிக்கட்டி, உப்புக் கலவை அடையக்கூடிய மிகத் தாழ்ந்த நிலை சுமார் −21 டிகிரி. அப்போது உப்புநீரில் உப்பு ஏறத்தாழ 23 சதவீதம் இருக்கும்.

உப்பில்லாப் பனிக்கட்டி ஏன் போதாது என்பதற்கும் இங்கு விடை உண்டு. பால் உறையத் தொடங்குவது சுமார் −0.5 டிகிரியில். மேற்சொன்ன அளவு சர்க்கரை கரைந்தபின் அது சுமார் −1.5 டிகிரியாகத் தாழ்கிறது. 0 டிகிரியில் நிற்கும் பனிக்கட்டி எவ்வளவு இருந்தாலும், −1.5 டிகிரியில் உறைய வேண்டிய பாலை உறைவிக்க இயலாது.

கோணிப்பையின் வேலையையும் கேட்க வேண்டும். அது குளிர்விப்பதில்லை, வெளியுஷ்ணம் உட்புகுவதைத் தாமதப்படுத்துகிறது. 1833-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கல்கத்தாவுக்கு முதன்முதலில் கப்பலில் பனிக்கட்டி அனுப்பப்பட்டது. ஏற்றியது சுமார் 180 டன். நான்கு மாதக் கடற்பயணத்தின் பின் கிடைத்தது சுமார் 100 டன். சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ், இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்குவது, அவ்வாறு வந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்கென அமைந்ததே. வழியில் உருகிய பங்கு எத்தனை என்று கேட்டால், 180-இல் 80, அதாவது 9-இல் 4 பங்கு என விடை வரும். கோணிப்பை கட்டிய வாளியையும் கட்டாத வாளியையும் ஒப்பிட்டு இதே பின்னத்தைப் பிள்ளைகள் தாமே காணலாம்.

கணக்குப் பாடம்

முதற்கணக்கு, சதவீதம். 1,000 கிராம் பனிக்கட்டியோடு 300 கிராம் உப்புச் சேர்ந்தால் உப்பு எத்தனை சதவீதம்? பலர் 30 என்பர். மொத்தம் 1,300 கிராம் ஆதலால் சரியான விடை 23.1. அவ்வாறே 200 கிராமுக்கு 16.7, 100 கிராமுக்கு 9.1. எதை முழுமையாகக் கொள்வது என்னும் வினாவே சதவீதக் கணக்கின் உயிர்.

இரண்டாம் கணக்கு, உஷ்ண வரவுசெலவு. 200 கிராம் பால் 25 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் குளிர, அதனை நீராகவே கருதினால், 200 × 25 = 5,000 கலோரி வெளியேற வேண்டும். பாலில் சுமார் 87 சதவீதம் நீர். அதாவது 174 கிராம். அதில் 100 கிராம் உறைவதாகக் கொண்டால் மேலும் 8,000 கலோரி. ஆக 13,000 கலோரி. இதனை 80-ஆல் வகுத்தால், சுமார் 163 கிராம் பனிக்கட்டி உருகினாலே போதும் என்றாகிறது. ஆனால் சோதனை முடிவில் வாளியில் உருகியிருப்பது இதைவிட மிக அதிகம். எஞ்சிய உஷ்ணம் எங்கிருந்து வந்தது? காற்று, வாளி, பிள்ளைகளின் கை என ஒவ்வொன்றாக விடை வரட்டும்.

மூன்றாம் கணக்கு, கலப்பு விகிதம். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி ஐஸ்கிரீம் எனும் பெயரில் விற்கப்படுவதில் பாற்கொழுப்பு 10 சதவீதத்திற்குக் குறையலாகாது. 1 லிட்டர் ஐஸ்கிரீமின் எடை 525 கிராமுக்குக் குறையலாகாது. காற்றைப் புகுத்திக் கன அளவைப் பெருக்குவதற்கு இரண்டாம் விதி வரம்பிடுகிறது. சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம். கடையில் கிடைக்கும் 25 சதவீதப் பாலேட்டைச் சேர்த்து 10 சதவீதமாக்க வேண்டுமானால் விகிதம் என்ன? பால் 15 பங்கு, பாலேடு 7 பங்கு. 150 கிராம் பாலும் 70 கிராம் பாலேடும் சேர்ந்தால் கொழுப்பு 4.5 + 17.5 = 22 கிராம்; 220 கிராமில் 22, சரியாக 10 சதவீதம். இவ்விடத்தில் ஏதேனும் ஒரு பிள்ளை, “சர்க்கரையைச் சேர்க்கவில்லையே?” என்று கேட்குமாயின் அப்பிள்ளையைப் பாராட்ட வேண்டும். 30 கிராம் சர்க்கரை சேர்ந்ததும் மொத்தம் 250 கிராம், கொழுப்பு 8.8 சதவீதமாகிவிடுகிறது. வெறும் பாலில் செய்தது விதிப்படி ஐஸ்கிரீம் ஆகாது என்பதையும் பிள்ளைகள் இக்கணக்கிலிருந்தே அறிவர்.

எதிர்பாராத அளவு

இனிக் குறிப்பேட்டுக்கு வருவோம். 9.1 சதவீத உப்புநீர் உறையும் நிலை சுமார் −6 டிகிரி என அட்டவணைகள் கூறும். 100 கிராம் உப்பிட்ட குழுவோ −9 டிகிரி எனக் குறித்திருக்கக்கூடும். அட்டவணையை அறிந்த உபாத்தியாயர், “தவறாகப் படித்தாய், −6 என்று திருத்து” எனச் சொல்ல நேரிடும். அவ்வாறு சொன்னால் தவறு உபாத்தியாயருடையதே.

காரணம் எளியது. 9.1 சதவீதம் என்பது பனிக்கட்டி முழுவதும் உருகி முடிந்தபின் வரும் கணக்கு. பாதி வழியில், உப்பு முழுதும் கரைந்து, பனிக்கட்டியில் சுமார் 670 கிராம் மட்டும் உருகியிருக்கையில், உப்புநீரில் உப்பு 770-இல் 100, அதாவது 13 சதவீதம். அத்தகைய உப்புநீரின் உறைநிலை ஏறக்குறைய −9 டிகிரியே. உஷ்ணமானி பொய் சொல்லவில்லை. பிள்ளையும் பொய் சொல்லவில்லை. எண்ணை அழித்திருந்தால், இந்த நுட்பமான பாடம் எவர் கண்ணிலும் படாமலே போயிருக்கும். நேரத்தைக் கிடைக்கோட்டிலும் உஷ்ணநிலையைச் செங்குத்துக் கோட்டிலும் குறித்து வரைபடம் வரைந்தால், கோடு முதலில் இறங்கிப் பின்னர் மெல்ல ஏறுவது தெளிவாகும். ஓர் இணையின் இரு குழுக்களும் வேறுவேறு எண்களைக் கண்டிருந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு சராசரியும் காண வேண்டும். ஒன்றை மற்றொன்றாக மாற்றலாகாது.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் இஸ்ட்ராக் என்னும் கண்காணிப்பு, கட்டளை மையம் பீன்யாவிலேயே உள்ளது. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கிய போது கட்டளை நிலையமாய் விளங்கியது அதுவே. இறங்கிய கலத்திலிருந்த உஷ்ணமானிக் கருவி நிலவின் மண்ணுள் செலுத்தப்பட்டது. ஆகஸ்டு 27 அன்று வெளியிடப்பட்ட வரைபடத்தில், மேற்பரப்பில் உஷ்ணநிலை 50 டிகிரிக்கு மேலும், 8 சென்டிமீட்டர் ஆழத்தில் சுமார் −10 டிகிரியும் காணப்பட்டன. மேற்பரப்பின் உஷ்ணம் விஞ்ஞானிகள் எதிர்பார்த்ததைவிட மிகுந்திருந்தது. அவர்கள் எண்ணை மாற்றவில்லை; வியப்பை வெளிப்படையாகவே சொல்லிக் காரணத்தை ஆராய்ந்தனர். நிலவின் மண் கோணிப்பையைப் போல் உஷ்ணத்தை எளிதில் ஊடுருவவிடாது என்பதையும் அதே வரைபடம் காட்டியது.

ஒரு மாணவனின் கேள்வி

ஐஸ்கிரீம் தயாரிக்கையில் எழுந்த ஒரு கேள்வி உலக விஞ்ஞானப் பத்திரிகைக்கே சென்ற வரலாறும் உண்டு. இன்று டான்சானியா எனப்படும் நாட்டில், 1963-ஆம் ஆண்டு, எராஸ்டோ எம்பெம்பா என்னும் பள்ளி மாணவன் தோழர்களுடன் பாலைக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்து ஐஸ்கிரீம் செய்துகொண்டிருந்தான். பால் ஆறியபின்பே குளிர்பெட்டியில் வைப்பது வழக்கம். பெட்டியில் இடம் போய்விடும் என்னும் அவசரத்தில் அவன் சூடான பாலையே வைத்துவிட்டான். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, காய்ச்சாமல் வைத்த தோழனின் பால் இன்னும் குழம்பாக இருக்க, இவனுடையது உறைந்திருந்தது. காரணம் கேட்டபோது, நீ குழம்பிவிட்டாய் என்பதே விடையாகக் கிடைத்தது. மேல்வகுப்பிலும் அவன் விடாது கேட்டான். அது எம்பெம்பாவின் பௌதிகம் என வகுப்பு நகைத்தது.

பின்னர் அப்பள்ளிக்குச் சொற்பொழிவாற்ற வந்த டெனிஸ் ஆஸ்போர்ன் என்னும் பேராசிரியரிடம் அதே கேள்வியை அவன் எழுப்பினான். அவருக்கும் அது நம்பத்தக்கதாகத் தோன்றவில்லை. ஆயினும் அவர் நகைக்கவில்லை, சோதித்துப் பார்ப்பதாக வாக்களித்தார், சோதிக்கவும் செய்தார். 1969-இல் அவ்விருவர் பெயராலும் கட்டுரை வெளிவந்தது. சூடான நீர் சில வேளைகளில் முந்தி உறைவது மெய்தானா என்பது இன்றும் முடிவுபெறாத வழக்கு. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, கவனமாக அளந்தபோது அத்தகைய விளைவுக்குச் சான்று கிடைக்கவில்லை என்றது. எம்பெம்பாவின் முடிவு சரியோ தவறோ, அவன் கேள்வி சரியானது. அதற்கு ஏற்ற விடை நகைப்பன்று. “அளந்து பார்ப்போம்” என்பதே.

எச்சரிக்கைகள்

பனிக்கட்டியும் உப்பும் கலந்ததைத் தோலின்மீது வைத்தால் சில நிமிஷங்களிலேயே புண் உண்டாகும். விளையாட்டாகவும் இதனைச் செய்ய விடலாகாது. பாத்திரத்தைத் துணியாலோ கையுறையாலோ மட்டுமே பற்ற வேண்டும். கடையில் வாங்கும் பாளப் பனிக்கட்டி குடிநீரில் செய்யப்பட்டதென்று கொள்ளாமல், அது பாலில் படாதவாறு காக்க வேண்டும். உஷ்ணமானியை உப்புநீரில் மட்டுமே இட வேண்டும். அதனைக் கலக்கும் கோலாகப் பயன்படுத்தலாகாது. பால் ஒவ்வாத பிள்ளைகள் உளரா என்பதை முன்னரே விசாரித்து, அவர்களுக்குப் பழச்சாறு கொண்டு இதே சோதனையை நடத்தலாம்.

எஞ்சிய உப்புநீரை மரத்தடியிலோ இரும்புப் பொருள்கள் மீதோ கொட்டலாகாது; செடி வாடும், இரும்பு துருப்பிடிக்கும். அகன்ற தட்டுகளில் ஊற்றி வெயிலில் வைத்தால் நீர் ஆவியாகி உப்பு மீளும். அதனை நிறுத்துப் பார்த்து, இட்ட உப்போடு ஒப்பிடுவது அடுத்த வாரப் பாடமாகும். அவ்வுப்பை உண்பதற்கன்றி, மறுமுறை சோதனைக்கே வைத்துக்கொள்ள வேண்டும்.

முடிவுரை

இப்பாடத்தில் ஐஸ்கிரீம் சற்றே தளர்ந்திருந்தாலும் குறைவில்லை. குறிப்பேடு சரியாக இருத்தலே முக்கியம். குறிப்பேட்டைத் திருத்தும் உபாத்தியாயர், எண் புத்தகத்தோடு ஒத்ததா என்று பாராமல், எண் எழுதப்பட்ட நேரம், உப்பின் அளவு, படித்தவர் பெயர் ஆகியவை உள்ளனவா என்று பார்த்து மதிப்பெண் அளிப்பாராக. ஒவ்வாத எண்ணின் அருகே மாணாக்கர் ஒரு கேள்விக்குறி இட்டிருந்தால் அதற்கு மேலும் ஒரு மதிப்பெண் அளிக்கலாம். கள ஊழியர்கள் பள்ளிகளைப் பார்வையிடும்போது, அழித்து எழுதிய எண்கள் எத்தனை, கேள்விக்குறிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தாலே, அங்கு விஞ்ஞானம் கற்பிக்கப்படும் விதம் புலனாகும். தந்தை பட்டறையில் உள்ளபடி சொல்லும் அளவை, மகள் பள்ளியில் உள்ளபடி எழுதும் நாளே அக்கல்வி நிறைவு பெறும் நாளாகும்.